ஒட்டகமும் துண்டும்: ஒரு ஆங்கிலச் சொல்லைத் தேடிப்போன கதை

போன மாசம் எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒரு சொல்லில் மாட்டிக்கிட்டு நின்றது. பேச எடுத்து வைத்திருந்த சிறுகதைத் தொகுப்பை யாரும் திறக்கவே இல்லை.

நடந்தது இதுதான். எங்களில் ஒருத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கிறாள். 'உன்னைப் பற்றி 500 சொற்களில் எழுது' என்று கேட்டிருந்தார்கள். அவள் எழுதிக்கொண்டு வந்த முதல் வசனம்: 'மை கிரேட் கிராண்ட்ஃபாதர் கேம் டு செரண்டிப் பை செரண்டிபிட்டி.' கொள்ளுத்தாத்தா செரண்டிப் தீவுக்கு செரண்டிபிட்டியால் வந்து சேர்ந்தார். கேட்க நல்லா இருக்குதானே? எங்களில் பாதிப்பேர் கைதட்டினோம். மற்றப் பாதி, "அந்தச் சொல் அங்க பொருந்தாது" என்றது. "அகராதியில 'அதிர்ஷ்டவசமான தற்செயல்'னுதான் போட்டிருக்கு, பிறகென்ன?" என்று அவள் கேட்டாள். சண்டை தொடங்கியது.

கூட்டம் நடந்த வீடு கடுகண்ணாவை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். ஜன்னலைத் திறந்தால் கோச்சிச் சத்தம். தெருவுக்கு இறங்கி நடந்தால் டோசன் கோபுரம். இந்த இரண்டையும் இப்போதே சொல்லி வைக்கிறோம், பின்னால் தேவைப்படும்.

சொல்லின் கதையை முதலில் பார்ப்போம். சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்த நாள் தெரியாது. இதுக்குத் தெரியும். 1754 ஜனவரி 28. லண்டனில் இருந்த ஹொரஸ் வால்போல் என்ற எழுத்தாளர், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிரித்தானியத் தூதராக இருந்த ஹொரஸ் மான் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். மான் அனுப்பிவைத்த ஒரு பெண்ணின் ஓவியம் பற்றிய பேச்சு அது. அந்தக் குடும்பத்தின் சின்னத்தைப் பற்றி வால்போலுக்குப் பழைய புத்தகம் ஒன்றில் தேடாமலே ஒரு தகவல் கிடைத்துவிட்டது. இப்படிக் கிடைப்பதற்கு ஒரு பெயர் வைக்கிறேன் என்று சொல்லி, சின்ன வயதில் படித்த 'செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்' கதையிலிருந்து 'செரண்டிபிட்டி' என்று ஒன்றை உருவாக்கினார். தான் படித்தது ஒரு அசட்டுக் கதை என்றும் கூடவே சொல்லிக்கொண்டார்.

அது அசட்டுக் கதை இல்லை. செரண்டிப் ராஜா தன் மூன்று மகன்மாரையும் உலகம் படித்து வரட்டும் என்று நாட்டைவிட்டு அனுப்புகிறார். வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் எதிரே வருகிறான். அவர்கள் அந்த ஒட்டகத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் கேட்கிறார்கள்: ஒரு கண் குருடா? ஒரு பல் இல்லையா? ஒரு கால் நொண்டியா? ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் தேன் ஏற்றி வந்ததா? மேலே கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இருந்தாளா? எல்லாமே சரி. உடனே 'நீங்கள்தான் திருடர்கள்' என்று மூவரையும் பிடித்து அரசனிடம் கொண்டுபோகிறார்கள், சிறையில் போடுகிறார்கள். ஒட்டகம் வேறெங்கோ கிடைத்த பிறகுதான் விளக்கம் வெளியே வருகிறது. பாதையின் ஒரு பக்கம் நல்ல புல் இருக்க, மோசமான புல் இருந்த பக்கம் மட்டும் மேய்ந்திருக்கு, அதனால் ஒரு கண் தெரியாது. மென்று விழுந்த புல் உருண்டை பல் அளவுக்கு இருக்கு. ஒரு காலை இழுத்த தடம் இருக்கு. ஒரு பக்கம் எறும்பு, மறுபக்கம் ஈ. பெண் இறங்கி உட்கார்ந்த இடத்தில், எழும்பும்போது இரண்டு கையையும் ஊன்றிய அடையாளம்.

இதை வாசித்தபோது எங்களில் ஒருவன், "இது எங்க பாட்டி சொன்ன கதை மாதிரியே இருக்கே" என்றான். முதலில் சிரித்தோம். தேடிப் பார்த்தால் அவன் சொன்னதில் விஷயம் இருக்கு. தமிழில் அலகேச கதை என்று ஒன்று உண்டு. அலகாபுரி அரசன் அலகேசனும் நான்கு மந்திரிகளும் வருகிற கதை. பண்டித நடேச சாஸ்திரி அதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்த நான்கு பேரும் மந்திரி ஆவதே இப்படித் தொலைந்த ஒரு ஒட்டகத்தைப் பார்க்காமலே விவரித்துத்தான். இந்தக் கதை அரபு, பாரசீகம், இந்தியா என்று எல்லாப் பக்கமும் அலைந்திருக்கு. டில்லியில் இருந்த அமீர் குஸ்ரோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் பாடினார். 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சாகியது. பிரெஞ்சு வழியாக 1722இல் ஆங்கிலத்துக்கு வந்தது. அதுக்குப் பிறகுதான் வால்போலின் கையில். இதில் இன்னொரு வேடிக்கை, வால்போல் தன் கடிதத்தில் ஒட்டகத்தைக் கோவேறு கழுதையாக்கிவிட்டார்.

செரண்டிப் எங்கே என்று சொல்லத் தேவையில்லை. அரபுப் பயணிகள் இந்தத் தீவைச் சரண்டீப் என்றார்கள். 1344இல் இங்கே வந்த இப்னு பதூதாவும் அந்தப் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் வந்து ஒதுங்குவதும் இங்கேதான். அதுக்கும் ஆயிரம் வருடங்களுக்கு முன், 4ஆம் நூற்றாண்டில், ஜூலியன் என்ற ரோமப் பேரரசனிடம் தூது வந்தவர்களில் 'செரண்டிவி' என்ற மக்களும் இருந்ததாக ரோம வரலாற்றாசிரியர் ஒருவர் குறித்திருக்கிறார். இதைச் 'சேரன் தீவு' என்று பிரித்துக் காட்ட எங்கள் ஆட்களில் பலருக்கு ஆசை. வட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வரும். மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வது சிங்களத்வீபம், பாளியில் சீஹளதீபம் என்பதன் திரிபு என்றுதான். ஈழம் என்ற எங்கள் சொல்லையும் அதே சீஹளத்திலிருந்துதான் பல அறிஞர்கள் கொண்டுவருகிறார்கள். பிடிக்காதவர்கள் கோபித்துக்கொள்ளலாம். சொற்களுக்கு எங்கள் சண்டையெல்லாம் தெரியாது.

சொல் பிறந்ததுதான், ஆனால் நடக்க ரொம்ப நாள் எடுத்தது. வால்போல் மானுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்ததே 1833இல். அதுக்குப் பிறகும் யாரும் அந்தச் சொல்லைத் தொடவில்லை. 1875இல் எட்வர்ட் சொலி என்பவர் லண்டனில் ஒரு சஞ்சிகையில் அதைப் பற்றி எழுதினார். புத்தகப் பைத்தியங்கள், பழம்பொருள் சேர்க்கிறவர்கள் கொஞ்சப் பேர் தங்களுக்குள் பாவித்தார்கள். பிறகு விஞ்ஞானிகளின் கைக்குப் போனது. வால்டர் கெனன் என்ற ஹார்வர்ட் உடலியல் பேராசிரியர் 1945இல் தன் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இதற்கு ஒதுக்கினார். ரொபர்ட் மேர்ட்டன் என்ற சமூகவியலாளர் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் வேறொரு சொல்லைத் தேடப்போய் இதைக் கண்டெடுத்து, எலினோர் பார்பருடன் சேர்ந்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர்கள் எண்ணிப் பார்த்தபடி, 1958 வரைக்கும் இந்தச் சொல் அச்சில் வந்தது வெறும் 135 தடவை. அந்தப் புத்தகம் அவர் மேசையில் தூங்கி, ஆங்கிலத்தில் 2004இல்தான் வெளிவந்தது. அதற்குள் சொல் ஹோட்டல்களுக்கும் படகுகளுக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் பெயராகிவிட்டது. 2001இல் ஒரு ஹொலிவூட் காதல் படமும் வந்தது.

இப்போது எங்கள் சண்டைக்கு வருவோம். இந்தச் சொல் ஆங்கில வசனத்தில் எப்படி உட்காருகிறது?

வால்போலிடம் அது ஒரு ஆளிடம் இருக்கும் திறமை. தற்செயல் பாதி, கூர்மதி பாதி. இரண்டும் சேர வேண்டும். மூன்றாவதாக ஒரு நிபந்தனையும் வைத்தார்: தேடிப்போனதே கிடைத்தால் அது செரண்டிபிட்டி இல்லை. அதனால் பழைய வசனங்களில் 'அவருக்கு செரண்டிபிட்டி இருக்கிறது' என்று வரும், எங்கள் ஆட்கள் 'அவருக்குக் கைராசி இருக்கு' என்று சொல்வதுபோல. இன்றைய வசனங்களில் அது ஒரு சம்பவம். 'பை செரண்டிபிட்டி' என்றால் 'தற்செயலாக'. 'செரண்டிபிட்டஸ்' என்று பெயரடையாக வந்தால் 'எதிர்பாராத, நல்ல'. கூர்மதி கழன்று விழுந்துவிட்டது. வேலை தேடினேன், வேலை கிடைத்தது, வாட் செரண்டிபிட்டி என்று எழுதுகிறார்கள். வால்போல் இருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பார். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் பூஞ்சை பிடித்த தட்டைப் பார்த்ததை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அது பொருந்துகிறது. பூஞ்சை தானாக வந்தது, ஆனால் அதைச் சுற்றிக் கிருமி செத்திருப்பதைக் கவனிக்க ஒரு ஃபிளெமிங் வேண்டியிருந்தது.

ஒரு சின்னக் கிளைக்கதை. 2004இல் லண்டனில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம், மொழிபெயர்க்கக் கடினமான சொற்கள் எவை என்று மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்டுப் பட்டியல் வெளியிட்டது. ஆங்கிலச் சொற்களில் செரண்டிபிட்டி முன்வரிசையில். பிறமொழிச் சொற்களின் பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல்லும் இருந்தது: 'செல்லாதிருப்பவர்'. பள்ளிக்குக் கட் அடிப்பவர் மாதிரி ஒரு அர்த்தமாம். எங்களில் ஒருவரும் வாழ்க்கையில் அந்தச் சொல்லைப் பாவித்ததில்லை, பாடசாலைக்குக் கட் அடித்ததுதான் உண்டு. மொழிபெயர்க்க முடியாத சொல் என்று வெளியாட்கள் கொண்டாடுவதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை என்று அன்றைக்கு முடிவுசெய்தோம்.

செரண்டிபிட்டிக்கு எதிர்ச்சொல்லும் ஒன்று உண்டு, அது இதைவிட அபூர்வம். வில்லியம் பொய்ட் என்ற நாவலாசிரியர் 1998இல் வந்த தன் 'ஆர்மடிலோ' நாவலில் உருவாக்கினார்: 'செம்பிளானிட்டி'. வெதுவெதுப்பான தெற்குத் தீவு செரண்டிப். அதுக்கு நேரெதிராக வடக்கே பனி உறைந்த தீவு செம்பிளா. கெட்டது, எதிர்பார்த்தது, திட்டமிட்டபடியே வந்து சேருவது, இதுதான் அர்த்தம். இதைக் கேட்டதும் கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியானது. ஏனென்றால் எல்லாருக்கும் கொள்ளுத்தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

அவர் எப்படி வந்தார்? தோழியின் பாட்டிக்கு வயது 80ஐத் தாண்டிவிட்டது. ஃபோன் போட்டுக் கேட்டோம். பாட்டியின் அப்பாதான் அந்தக் கொள்ளுத்தாத்தா. "எங்கப்பா கங்காணியோட வந்தவரு. துண்டுலதான் தோட்டம் தோட்டமா மாறுனாரு" என்றது பாட்டி. துண்டு என்றால் தோளில் போடும் துண்டு என்று எங்களில் இரண்டு பேர் நினைத்தார்கள். வெட்கப்பட வேண்டிய இடம் இது, ஆனால் உண்மை. அபூர்வ ஆங்கிலச் சொல்லின் பிறந்த நாள் எங்களுக்குத் தெரிந்திருந்தது. துண்டு தெரியவில்லை.

தேடிப் படித்தோம். கண்டி ராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820இல் கொழும்பு கண்டி ரோட்டு வேலை தொடங்கியது. அதை நடத்திய பொறியியலாளர் கப்டன் டோசன். 1829இல் அவர் இறந்தார். 1832இல் அவருக்காக எழுப்பியதுதான் நாங்கள் தினமும் பார்க்கும் கோபுரம். அந்த வீதி மலையைத் துளைத்துப் போகும் பாறை வாசலில் இப்போது செல்ஃபி எடுக்கிறார்கள். பாறையைத் துளைப்பவனுக்குத்தான் கண்டி பணியும் என்று முன்பே ஒரு தீர்க்கதரிசனம் இருந்ததாம், ஊரில் சொல்லுவார்கள். துளைத்த கைகளைப் பற்றித் தீர்க்கதரிசனம் ஒன்றும் இல்லை. ராஜகாரிய முறையில் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள், தென்னிந்தியாவிலிருந்து பயோனியர் படைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். கோபுரம் நினைவுகூருவது ஒருவரை மட்டும்.

அந்த வீதி எதுக்கு? முதலில் படைக்கு, பிறகு கோப்பிக்கு. 1824இல் கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநர் பார்ன்ஸ் கன்னொறுவையில் தானே ஒன்று போட்டார். கோப்பிக்கு ஆள் வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. 1867இல் கண்டிக்கு ரயில் வந்த பிறகு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்தவர்கள் இந்தக் கடுகண்ணாவை மலையைக் கோச்சியில் ஏறினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழ, தேயிலை வந்தது. ஆள் தேவை இன்னும் கூடியது.

கங்காணி முன்பணம் கொடுப்பார். கப்பல் காசு, சாப்பாடு, கம்பளி, எல்லாம் கடன் கணக்கில் ஏறும். தோட்டத்துக்குக் கால் வைக்கும்போதே ஆள் கடன்காரன். வேலைக்கு ஆள் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்குக் காசு, அதைப் 'பென்ஸ் காசு' என்றார்கள். துண்டு என்பது துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு: இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன். வேறு தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் அழியாது, புதுத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டங்கள் ஆளுக்குப் போட்டி போடப் போட துண்டின் தொகையும் ஏறியது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டைத் தடைசெய்தார்கள்.

இதில் தற்செயல் எங்கே இருக்கு? எல்லாம் எழுதிக் கணக்குப் போட்டு நடந்தது.

சொற்களின் பக்கத்தைப் பார்த்தால் இன்னும் உறைக்கும். எங்கள் சொற்களும் ஆங்கில வசனங்களுக்குள் போயிருக்கு. 'கங்கானி' ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் இருக்கு. 'துண்டு' இலங்கையின் ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் 'டுண்டு' என்று இருக்கு. 'கணக்கப்பிள்ளை' தோட்டத் துரைமாரின் நினைவுக் குறிப்புகளில் இருக்கு. எல்லாவற்றையும்விடப் பெரியது 'கூலி'. இதன் வேர் தமிழா, குஜராத்தின் கோலி சாதிப் பெயரா என்று 1886இல் வந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதியிலிருந்தே வழக்கு நடக்கிறது. வேர் எதுவானாலும், தமிழில் கூலி என்றால் வேலைக்குக் கிடைக்கும் பணம். கேட்டு வாங்கவேண்டிய உரிமை. ஆங்கில வசனத்துக்குள் போனதும் அது ஆளாகிவிட்டது. 'கூலி லைன்ஸ்' என்று வீட்டுக்கு, 'கூலி டமில்' என்று மொழிக்கே கூட. அந்தத் தலைப்பிலேயே துரைமாருக்கு ஒரு தமிழ்க் கையேடு கொழும்பில் வந்தது. அதற்கு முந்தைய இன்னொரு கையேட்டின் பெயர் 'இங்கே வா!'. தென்னாபிரிக்காவில் காந்தியைக் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். கதைப் புத்தகம் வழியாகப் போன செரண்டிப் மாளிகைக்குள் உட்கார்ந்தது, உழைப்பு வழியாகப் போன கூலி வசையாகித் திரும்பி வந்தது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது. கோச், கோச்சியானது. பரேட், பிரட்டானது. லைன், லயமானது. காம்பரா போர்த்துக்கீசரிடமிருந்து. இதுகளை நாங்கள் இலக்கியச் சொல் என்று சொல்வதில்லை. ஏன் சொல்லக்கூடாது என்று சி.வி. வேலுப்பிள்ளையைப் படித்தால் தோன்றும். 1914இல் பூண்டுலோயாவுக்குப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைப் பாராளுமன்ற உறுப்பினர், தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையாக எழுதியவர். துரைமார் ஆங்கிலத்தில் எங்கள் ஆட்கள் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள், அவருடைய ஆங்கிலத்தில் மனுஷராக வந்தார்கள். அவர் பாராளுமன்றத்துக்குப் போன அடுத்த வருடமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வதாக வைத்தார்கள். அப்படிப் போனவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். மலையகத்திலிருந்து அது இறங்கியது இந்தக் கடுகண்ணாவை வழியாகத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பேசும்போது பதுளைக் கோச்சி ஒன்று ஊதிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதுக்காக செரண்டிபிட்டியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அது நல்ல சொல். ஒருத்தன் இதையும் சொன்னான்: அந்த இளவரசர்களும் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்கள்தானே, வழியில் கண்டதைச் சரியாகச் சொன்னதற்காகத் திருடர் பட்டம் வாங்கினவர்கள்தானே? மேய்ந்த புல்லையும் எறும்பையும் வைத்துக் காணாத ஒட்டகத்தைச் சொன்ன மாதிரி, பாட்டியின் வாயில் விழுந்த 'துண்டு' ஒன்றை வைத்து நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கோமே, சிறுகதை பேச வந்த இடத்தில்? வால்போலின் மூன்று நிபந்தனையும் பொருந்துகிறது என்று அவன் வாதாடினான். பேசிப் பேசி, ஒத்துக்கொண்டோம். சொல் கொள்ளுத்தாத்தாவின் வருகைக்குப் பொருந்தாது, கொள்ளுப்பேத்தியின் தேடலுக்குப் பொருந்தும்.

தோழி வசனத்தை மாற்றி எழுதினாள். அவள் பழைய வாக்கியத்தை அடிக்கவில்லை, கீழே தள்ளி, தன்னைப் பற்றிய பந்தியில் வைத்தாள். முதல் வசனம் இப்போது இப்படி: 'மை கிரேட் கிராண்ட்ஃபாதர் கேம் வித் எ கங்கானி, அண்ட் எ டுண்டு டுக் ஹிஸ் டெட் ஃபுரொம் எஸ்டேட் டு எஸ்டேட்.' 'கங்கானி'க்கும் 'டுண்டு'வுக்கும் அடைப்புக்குறிக்குள் விளக்கம் போடவா என்று கேட்டாள். "செரண்டிபிட்டிக்கு யாராவது விளக்கம் போடுறாங்களா?" என்று அவளே சொல்லிவிட்டு, போடாமல் விட்டாள். சாய்வெழுத்தும் இல்லை.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பாட்டிக்கு அந்த வசனத்தை ஃபோனில் தமிழாக்கிச் சொன்னோம். முழுசும் கேட்டுவிட்டு, "டுண்டு இல்ல, துண்டு" என்றது பாட்டி.